பெரியப்பா வைத்த குடம்

என் தம்பி தீர்த்தகிரியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது அரூர் பஸ் நிலையத்தில். காலை பத்து, பத்தரை இருக்கும். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்தான். எங்களுக்குள் இரண்டு வருஷமாகப் பேச்சு கிடையாது. ஆனாலும் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். பன் துண்டு டீக்குள் விழுந்துவிட்டது. அதைக்கூடக் கவனிக்கவில்லை.

"அண்ணே, நீ அனுப்பி வெச்சது வந்து சேர்ந்துச்சு. அப்பவே சொல்லணும்னு இருந்தேன்" என்றான்.

நான் அவனுக்கு எதுவும் அனுப்பவில்லை. "நான் ஒண்ணும் அனுப்பலையே" என்றேன்.

"நீ அப்படித்தான் சொல்லுவே" என்று சிரித்தான்.

நான் தர்மபுரி வண்டியில் ஏறிவிட்டேன். அடுத்த மாதமே அவன் போய்விட்டான். நெஞ்சுவலி. அந்தச் சிரிப்பு மட்டும் இருபது வருஷத்துக்கு மேல் என்னிடமே இருந்தது. அப்போது அவன் வீடு புறம்போக்கில் இருக்கிறது என்று யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருந்தார்கள். அதை நான்தான் அனுப்பினேன் என்று நினைத்துக் குத்திக் காட்டினான் என்றுதான் இருந்தேன். செய்யாத குற்றத்தைத் தலையில் வைத்துவிட்டுச் செத்துப் போனானே என்று ஒரு கோபம்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், உங்கள் பையில் இருப்பது பாத்திரம்தானே அம்மா? பை தரையில் பட்டதும் சத்தம் கேட்டது. எதிரே அந்தப் பந்தலுக்குத்தானே வந்தீர்கள்? கோதண்டபாணி சாப்பிடப் போயிருக்கிறான். மூன்று மணிக்குத்தான் வருவான். உட்காருங்கள். இந்த நிழற்குடையில் இந்தப் பக்கம்தான் வெயில் வராது.

நான் பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவன். முதலில் கண்டக்டர், பிறகு செக்கிங். முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். டிக்கெட் இல்லாதவன் ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்ப்பான். டிக்கெட் இருப்பவன் என்னைப் பார்ப்பான். இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நான் எட்டாவதுதான். நின்று நின்று தெரிந்துகொண்டது.

அந்தக் கோதண்டபாணி இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு டெம்போவில் வந்து இறங்கினான். தாடி, லுங்கி, வெல்டிங் கண்ணாடி. சென்னையில் ஓவியக் கல்லூரியில் படித்தவனாம். படித்தவன் ஏன் வெல்டிங் அடிக்கிறான்? அன்றைக்கே எனக்குச் சந்தேகம். ஒரு வாரத்தில் இரும்புக் குழாயை ஊன்றிக் கூரை இல்லாத ஒரு பந்தல் போட்டான். அதில் கம்பி கட்டிச் சொம்பு, தூக்கு, தட்டு, குண்டான் என்று தொங்கவிட்டான். எல்லாம் பேர் வெட்டிய எவர்சில்வர். பிறகு ஒரு பலகை. இங்கிருந்தே தெரிகிறது பாருங்கள். எழுத்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாவிட்டால் நான் சொல்கிறேன், எனக்கு மனப்பாடம்.

'உங்கள் வீட்டில் பேர் வெட்டிய பாத்திரம் ஒன்று கொண்டு வாருங்கள். பேரைச் சத்தமாக வாசித்துவிட்டு மாட்டுங்கள். போகும்போது, தெரியாதவர் பேர் ஒன்றையும் வாசித்து, அந்தப் பாத்திரத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போங்கள்.'

இவ்வளவுதான். இதற்கு ஒருவன் சென்னையிலிருந்து வருவானா? பழைய பாத்திர வியாபாரி, நாலு வண்டி சேர்ந்ததும் கிளம்பிவிடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. சரி, இடம் பிடிக்கிறான் என்று நினைத்தேன். ரோட்டோரத்தில் எல்லாம் அப்படித்தானே ஆரம்பிக்கிறது? முதலில் ஒரு பந்தல், அப்புறம் ஒரு கல், கல்லுக்கு மஞ்சள், அதற்கப்புறம் உண்டியல். உண்டியல் வரட்டும், பிடித்துவிடலாம் என்று காத்திருந்தேன். இன்னும் வரவில்லை. வரும்.

நான் போய்க் கேட்டேன். "இதுக்கு நெடுஞ்சாலைத் துறையிலே அனுமதி வாங்கியிருக்கியா?"

"வாங்கியிருக்கேங்க ஐயா" என்று ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினான். முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது. அது இன்னும் சந்தேகம். கேட்டவுடனே காகிதம் காட்டுகிறவன், யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்து இருக்கிறவன்.

"இதனால உனக்கு என்ன கிடைக்குது?"

"தெரியலைங்க ஐயா. நீங்க ஒரு பேர் வாசிச்சுட்டுப் போங்களேன்."

"எனக்கு எதுக்கு ஊரான் பேரு?"

"அதுக்குத்தாங்க" என்றான்.

என்ன பதில் இது? நான் திரும்பி வந்துவிட்டேன். ஆனால் தினமும் இங்கே வந்து உட்காருவேன். யாராவது ஒருவர் கவனிக்க வேண்டும் இல்லையா? ஜனங்கள் காரை நிறுத்தி இறங்குகிறார்கள், செத்துப்போன மாமியார் பேரைச் சத்தமாக வாசிக்கிறார்கள், ஒருத்தி அழுகிறாள், ஒருத்தன் போட்டோ எடுக்கிறான். எதற்கு அழுகிறார்கள்? பாத்திரத்துக்கா?

தம்பி விஷயத்தை விட்டுவிட்டேன். அதைச் சொன்னால்தான் இது புரியும்.

அவன் மொரப்பூரில் இருந்தான். நான் இங்கே, இந்தக் கூட்ரோட்டுக்குப் பின்னால். ஒருநாள் ஆண்டிப்பட்டி தாண்டிப் பாலத்தில் ஒரு வண்டியை மடக்கினோம். நல்ல கூட்டம். நான் பின்பக்கமாக ஏறினேன். கடைசி சீட்டுக்கு முன் சீட்டில் தீர்த்தகிரி. மடியில் ஒரு மஞ்சள் பை. கையில் ஆண்டிப்பட்டி வரைக்கும் டிக்கெட். ஆண்டிப்பட்டி போய்விட்டது.

"அண்ணே, உன் வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருக்கேன்" என்றான்.

"எங்க போறேன்னு கேக்கலை. டிக்கெட் எங்க?"

"ஆண்டிப்பட்டியிலே இறங்கலாம்னுதான் எடுத்தேன். அப்புறம் மனசு மாறிட்டேன். கண்டக்டரு முன்னாடி நிக்கறாரு, கூட்டத்துலே போவ முடியலை."

எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். கண்டக்டர் வந்து என் காதில், "சார், உங்க தம்பின்னு சொல்றாரு, விட்டுடலாமே" என்றார். "தம்பின்னா ரெண்டு டிக்கெட் எடுக்கச் சொல்லு" என்றேன். பஸ்ஸே சிரித்தது. அபராதம் போட்டேன். கட்டினான். கட்டிவிட்டு அந்தப் பாலத்திலேயே இறங்கி, வந்த வழியே நடக்க ஆரம்பித்துவிட்டான். மஞ்சள் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போனான். நான் செய்ததில் தப்பு ஏதும் இருக்கிறதா? நீங்கள் படித்தவர்போல இருக்கிறீர்கள், சொல்லுங்கள். தம்பிக்கு ஒரு சட்டம், ஊருக்கு ஒரு சட்டம் என்று இருந்தால் அந்த உடுப்பை எதற்குப் போட வேண்டும்?

அதற்கு அடுத்த மாதம் அவன் பெண் அம்சவேணிக்குக் கல்யாணம். எனக்குப் பத்திரிகை வைக்கவில்லை. கூடப் பிறந்த அண்ணன், ஒரே அண்ணன், பத்திரிகை இல்லை. அழைக்காத கல்யாணத்துக்கு யாராவது போவார்களா? என் மனைவி சாலம்மாளிடம் சொல்லிவிட்டேன், அந்த வாசலை நீயும் மிதிக்கக் கூடாது என்று. "சரிங்க" என்றாள். அவள் அதிகம் பேசமாட்டாள். கல்யாணத்தன்று நான் பென்னாகரம் பக்கம் டியூட்டிக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வந்தபோது பட்டுப்புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். கோயிலுக்குப் போனேன் என்றாள். லட்டு கொடுத்தார்களாம், எனக்கு ஒன்று எடுத்து வைத்திருந்தாள். தின்றேன். நன்றாக இருந்தது. எந்தக் கோயிலில் லட்டு கொடுக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸாக இருந்தால் கேட்டிருப்பேன்.

தம்பி செத்ததற்குப் போனேன். சாவுக்கு அழைக்க வேண்டியதில்லையே. அம்சவேணி ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அப்பா கடைசிவரைக்கும் உங்க பேச்சாவேதான் இருந்தாரு பெரியப்பா" என்று அழுதாள். என்ன பேச்சு? திட்டாகத்தான் இருக்கும். கையை உருவிக்கொண்டேன். சாலம்மாள் என்னைப் பார்த்தாள்.

சாலம்மாள் போய் நாலு வருஷம் ஆகிறது. சர்க்கரை. கடைசியில் கண் தெரியவில்லை.

அதோ மொரப்பூர் வண்டி. இல்லை அம்மா, நீங்கள் இருங்கள், அது எனக்கான வண்டி இல்லை. கண்டக்டர் தெரிந்த பையன், அதனால் கையை ஆட்டுகிறான்.

போன கார்த்திகை மாதம். நாலு நாளாக மழை, பந்தலுக்கு யாரும் வரவில்லை. கோதண்டபாணியும் இல்லை. சரியான சமயம், உள்ளே என்னதான் வைத்திருக்கிறான் என்று ஒரு செக்கிங் போட்டுவிடலாம் என்று போனேன். வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். பொம்மிடி முருகேசன், கடத்தூர் சின்னப்பாப்பா, ஏதோ ஒரு மகளிர் மன்றம். மூன்றாவது குழாயில், புளியமரத்துப் பக்கம், ஒரு எவர்சில்வர் குடம். அதில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது:

'அம்சவேணி திருமணத்துக்கு அன்பளிப்பு. பெரியப்பா மா. மாதையன் – சாலம்மாள்.'

கீழே தேதி. கல்யாணத் தேதி.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குப் பாத்திரம் வைத்தால் வைத்தவர் பேரை வெட்டித்தான் வைப்போம். பேர் இல்லாமல் வைத்தால் வைக்காததற்குச் சமம். ஆனால் நான் வைக்கவில்லையே. இரண்டு வரியையும் மூன்று தடவை படித்தேன். அது என் பேர்தான். என் இனிஷியல்தான். முதலில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? எவனோ என் பேரில் கள்ளத்தனமாகக் குடம் வைத்திருக்கிறான் என்று. கள்ள நோட்டு மாதிரி, கள்ளக் குடம்.

மறுநாள் கோதண்டபாணியைப் பிடித்தேன். "இந்தக் குடம் யாருது?"

"ஒரு அக்கா கொண்டாந்து மாட்டுனாங்க ஐயா. மொரப்பூர்னு சொன்னாங்க."

"என் பேரு இதுல எப்படி வந்துச்சு?"

"உங்க பேரா?" அவன் குடத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அப்ப நீங்கதான் அந்தப் பெரியப்பாங்களா?"

"அந்தப் பெரியப்பான்னா? என்ன சொன்னா அவ?"

"ஒண்ணும் சொல்லலைங்க. வாசிச்சாங்க. ரெண்டாந்தரமும் வாசிச்சாங்க. ஒரு தரம் போதும்கான்னேன், கேக்கலை."

"இதைக் கழட்டு."

"மாட்டினவங்க கழட்டலாம், இல்ல பேருக்குரியவங்க கழட்டலாம். நீங்கதான் மாதையன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

பாருங்கள். வண்டி வண்டியாக ஆள்களிடம் அத்தாட்சி கேட்டவன் நான். என்னிடம் ஒருத்தன் கேட்கிறான். பென்ஷன் அட்டையை எடுத்துக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முன்னும் பின்னும் பார்த்தான். நான் பார்ப்பதுபோலவே பார்த்தான். "சரிங்க ஐயா, நீங்க கழட்டிக்கலாம். பேரை ஒருதரம் சத்தமா வாசிச்சுட்டுக் கழட்டிக்குங்க" என்றான்.

நான் கழட்டவில்லை. முதலில் விசாரணை. அதுதான் முறை. அடுத்த வண்டியிலேயே மொரப்பூர் போனேன்.

அம்சவேணி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது. என்னைப் பார்த்ததும் ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றாள். "வாங்க பெரியப்பா" என்றாள். அவள் வாழ்க்கைப்பட்ட அந்த வீட்டுக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. "அந்தக் குடத்தை ஏன் ரோட்டுல மாட்டினே?" என்று கேட்டேன்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. "அடியிலே ஓட்டை விழுந்துடுச்சு பெரியப்பா. பத்த வெச்சும் நிக்கலை. பழைய பாத்திரத்துக்குப் போடலாம்னு இவர் சொன்னாரு. உங்க பேரு, பெரியம்மா பேரு இருக்கறதை நசுக்கிப் போட எனக்கு மனசு வரலை. அதான். தப்பா பெரியப்பா?"

"அது எப்படி உன்கிட்ட வந்துச்சு?"

"எப்படின்னா? நீங்க அனுப்பினதுதானே. பெரியம்மா கல்யாணத்துக்கு எடுத்துக்கிட்டு வந்தாங்களே."

நான் உட்கார்ந்துவிட்டேன். நாற்காலியைத்தான் துடைத்துப் போட்டிருந்தாளே.

அவள் சொன்னாள். சாலம்மாள் தனியாகத்தான் வந்தாளாம், இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு. உனக்கு உங்கண்ணன் கொடுத்தனுப்பினார், டியூட்டி, அதனால் வர முடியவில்லை என்று தம்பியிடம் சொன்னாளாம். தம்பி அந்தக் குடத்தை மேடையிலே வைத்து, வந்தவர் போனவர் எல்லாரிடமும் பேரைக் காட்டினானாம். பஸ்ஸிலே சட்டப்படி நடந்துக்கிட்டான், வீட்டுக்கு முறைப்படி நடந்துக்கிட்டான், அதுதாண்டா எங்கண்ணன் என்றானாம். பந்தியில் வந்து இரண்டாம் தடவையும் சொன்னானாம்.

"அப்புறம் ஏன் ஒருத்தரும் என்கிட்ட இதைச் சொல்லலை?"

"பெரியம்மாதான் சொல்லக் கூடாதுன்னாங்க. செஞ்சதைச் சொல்லிக் காட்டினா அவருக்குப் பிடிக்காது, மறந்தும் அவர்கிட்ட இந்தப் பேச்சை எடுக்காதீங்கன்னு சத்தியம் வாங்கினாங்க. அப்பாதான் ஒருநாள் அரூர்ல பாத்தப்ப மனசு கேக்காம சொல்லிட்டாராம். வீட்டுக்கு வந்து சிரியா சிரிச்சாரு. 'அனுப்பவே இல்லைன்னுட்டான் பாரு, திமிர் புடிச்சவன்' அப்படின்னு. அன்னைக்கு மாதிரி அப்பா சிரிச்சு நான் பாத்ததே இல்லை."

எனக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு, "அப்பா நிம்மதியாத்தான் போனாரு பெரியப்பா. அந்தக் குடம் மட்டும் வரலைன்னா பத்திரிகை வைக்காத குறையிலேயே போயிருப்பாரு" என்றாள்.

"பத்திரிகை ஏன் வைக்கலை?" என்று கேட்டேன். அவ்வளவு வருஷமாகக் கேட்க வேண்டும் என்று இருந்ததல்லவா.

"வெக்கத்தானே வந்தாரு. ஆண்டிப்பட்டியிலே மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்காரங்களுக்கு வெச்சுட்டு உங்க வீட்டுக்கு வரலாம்னுதான் கிளம்பினாராம். நடுவழியிலே, முதல் பத்திரிகை எங்கண்ணனுக்குத்தான் வைக்கணும்னு தோணி இறங்காமயே உக்காந்துட்டாரு. அந்த பஸ்தான் பெரியப்பா."

முப்பத்தோரு வருஷம் நான் தப்பான டிக்கெட் ஒன்றைக்கூட விட்டதில்லை. கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தாவை இறக்கிவிட்டிருக்கிறேன். அந்தக் குடத்தை நான் அனுப்பவில்லை, எனக்குத் தெரியாமல் உன் பெரியம்மா செய்த வேலை அது என்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். உண்மை என்றால் உண்மைதானே. சொல்லியிருப்பேன். காபி ரொம்பச் சூடாக இருந்தது. அதைக் குடித்து முடிப்பதற்குள் வண்டிக்கு நேரமாகிவிட்டது. அவள் வாசல்வரை வந்து, "அடிக்கடி வாங்க பெரியப்பா" என்றாள். எதற்கு அடிக்கடி வரச் சொல்கிறாள் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். இன்னும் பிடிபடவில்லை. மூன்று தடவை போய்விட்டு வந்துவிட்டேன், அப்போதும் பிடிபடவில்லை.

சாலம்மாளைத்தான் சொல்ல வேண்டும். முப்பத்தெட்டு வருஷம் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, டிக்கெட் இல்லாமல் வந்திருக்கிறாள். ஒருநாள்கூட மலையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே பேசினாள்.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேர் வெட்டும் கடையில் போய் உட்கார்ந்து, பெரியப்பா என்று போடு, அவர் இனிஷியலை விட்டுவிடாதே என்று ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறாள். வெட்டினது சரியாக இருக்கிறதா என்று அவளால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அவன் என்ன வெட்டினானோ அதை நம்பித்தான் இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

மறுநாள் ஒரு குறடு எடுத்துக்கொண்டு பந்தலுக்குப் போனேன். கழட்டிவிடுவது என்று. என் பேர், நான் வைக்காத குடம், அது அங்கே இருப்பது பொய் அல்லவா? கோதண்டபாணி ஸ்டூல் போட்டுக் கொடுத்தான். ஏறிவிட்டேன். "வாசிச்சுட்டுக் கழட்டுங்க ஐயா" என்றான். வாயைத் திறந்தேன். ஒரு லாரி போனது, வாயெல்லாம் புழுதி. கையில் இருந்த குறடு பைக்குள் போனது, இறங்கிவிட்டேன். அவன் தண்ணீர் கொடுத்தான். அதிலும் பார்த்தேன், டம்ளரில் யாரோ ஒரு ராஜாம்பாள்.

அதனால்தான் தினமும் வருகிறேன் அம்மா. அவன்மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. ஒருநாள் காலையில் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டால்? காலை ஒன்பது மணிக்கு வந்தால் விளக்கு வைக்கும்வரை இருப்பேன். பஸ் எதற்கும் நான் நிற்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் வந்தாள், கோயம்புத்தூர்க்காரி. எத்தனையோ பாத்திரத்தை விட்டுவிட்டு அந்தக் குடத்துக்குக் கீழே போய் நின்று, "பெரியப்பா மாதையன்" என்று வாசித்தாள். நல்ல கணீர் என்ற குரல். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நான் இங்கே எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர், பஸ் வரவில்லையே பெரியவரே, உட்காருங்கள் என்றார்.

அதோ கோதண்டபாணி வந்துவிட்டான். போங்கள். கைப்பிடி தேய்ந்த ஒரு மரக்கரண்டி வைத்திருப்பான், அதைக்கொண்டுதான் தட்ட வேண்டும், கையால் தட்டினால் சத்தம் வராது. தெரியாதவர் பேர் எதை வேண்டுமானாலும் வாசிக்கலாம், உங்கள் விருப்பம். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் குடம் மூன்றாவது குழாயில், புளியமரத்துப் பக்கம் தொங்குகிறது. அடியில் ஓட்டை. எவ்வளவு மழை பெய்தாலும் அதில் தண்ணீர் நிற்பதில்லை.